பெயர்ப் பட்டியல் சரியில்லாவிட்டால் வாக்கு எண்ணி என்ன பயன்?

2024 ஜனவரி 21, ஞாயிற்றுக்கிழமை. ஷார்ஜாவில் நாங்கள் ஐந்து பேர் இருக்கும் அறையில் அன்று மத்தியானச் சமையல் பிந்திவிட்டது. எல்லோர் கையிலும் போன். திருகோணமலையில் இலங்கைத் தமிழரசுக் கட்சியின் பொதுச்சபை கூடித் தலைவரைத் தெரிவு செய்துகொண்டிருந்தது. மூன்று பேர் போட்டிக்கு வந்திருந்தார்கள். சீனித்தம்பி யோகேஸ்வரன் வாக்கெடுப்புக்கு முன் விலகிவிட்டார். மிச்சம் இரண்டு பேர். கடைசியில் முடிவு வந்தது: சிவஞானம் சிறீதரன் 184, எம்.ஏ. சுமந்திரன் 137.

எங்கள் அறையில் மட்டக்களப்புத் தம்பி ஒருவர் இருக்கிறார். களஞ்சியசாலையில் வேலை. அவர் என்னைப் பார்த்து, "அண்ணன், நீங்க கணக்குப் பார்க்கிற ஆள். இனி என்ன நடக்கும்?" என்று கேட்டார்.

"இனியென்ன தம்பி, எண்ணியாச்சு. முடிஞ்சுது" என்றேன்.

வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த இராமநாதபுரத்துக்காரர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "அண்ணே, ஓட்டு எண்ணுனதெல்லாம் சரி. ஓட்டுப் போட்டவங்க லிஸ்ட் சரியா இருக்கா? எங்க ஊர்ல அதுக்குத்தான் கோர்ட்டு கோர்ட்டா அலைஞ்சாங்க."

நாங்கள் சிரித்தோம். ஒரு மாதம் போகவில்லை, அவர் சொன்னதுதான் நடந்தது. முப்பது வருடமாகக் கணக்கெழுதிச் சோறு தின்கிற எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்றை ஏசி மெக்கானிக் ஒருவர் சொல்லித் தந்தார். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன். ஒரு கட்சி தலைவரை எப்படித் தெரிவு செய்கிறது, அந்தத் தெரிவு எங்கே முறிகிறது என்பதை எனக்குத் தெரிந்த கணக்கு வழியால் விளங்கப்படுத்தப் பார்க்கிறேன்.

மொத்தம் சரி, பட்டியல் பிழை

முதலில் என் தொழிலில் இருந்து ஒரு சின்ன விஷயம். அமீரகத்தில் 2009ஆம் ஆண்டிலிருந்து சம்பளப் பாதுகாப்பு முறை என்று ஒன்று இருக்கிறது. தொழிலாளிக்குச் சம்பளம் கையில் கொடுத்துவிட்டுக் கணக்கை முடிக்க முடியாது. ஒவ்வொரு மாதமும் பெயர், தொழிலாளர் இலக்கம், தொகை எல்லாம் போட்டு ஒரு கோப்பு செய்து வங்கி வழியாக அனுப்ப வேண்டும். மொத்தத் தொகை ஒரு சதமும் பிசகாமல் இருக்கலாம். ஆனால் ஓர் ஆளின் இலக்கம் பிழைத்தால் கோப்பு திரும்பி வரும். "கூட்டுத்தொகை சரிதானே" என்று அங்கே வாதாட முடியாது. கூட்டுத்தொகைக்கு முன்னால் பட்டியல் வருகிறது.

கணக்காய்வு செய்கிறவர்களும் அப்படித்தான். சம்பளச் செலவைப் பார்க்க வந்தால் முதலில் கூட்டிப் பார்ப்பதில்லை. "இந்தப் பெயர்கள் உண்மையில் இங்கே வேலை செய்கிற ஆட்களா? யார் சேர்த்தது? எப்போது சேர்த்தது?" என்றுதான் கேட்பார்கள். வாக்கெடுப்புக்கும் இதுவே விதி. 184, 137 என்ற இரண்டு எண்ணையும் கூட்டினால் 321. சிறீதரனுக்கு 57 வீதம், சுமந்திரனுக்கு 43 வீதம். எண்ணியதில் பிழை என்று யாரும் வழக்குப் போடவில்லை. கேள்வி வந்தது அந்த 321 பேரைப் பற்றித்தான்.

தமிழரசுக் கட்சியில் நடந்தது

தமிழரசுக் கட்சி 1949 டிசம்பர் 18 அன்று கொழும்பில் தொடங்கப்பட்டது. தந்தை செல்வா என்று நாம் சொல்லும் எஸ்.ஜே.வி. செல்வநாயகம், டொக்டர் ஈ.எம்.வி. நாகநாதன், கு. வன்னியசிங்கம் போன்றவர்கள் தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்து வந்து அமைத்த கட்சி. அன்றிலிருந்து தலைவர்கள் மாறியிருக்கிறார்கள். ஆனால் மாற்றம் பெரும்பாலும் மூத்தவர்கள் கூடிப் பேசி, ஒருவர் பெயரைச் சொல்ல, மற்றவர்கள் ஆமோதிக்க, மாநாட்டில் கைதட்டலோடு நடந்துவிடும். "ஏகமனதாக" என்ற சொல் எங்கள் பத்திரிகைகளுக்குப் பழக்கமான சொல். மாவை சேனாதிராஜா 2014இல் தலைவரானதும் அப்படித்தான். போட்டி வைத்து, இரகசிய வாக்கெடுப்பில் தலைவரைத் தெரிவு செய்தது 2024இல்தான் முதல் தடவை.

ஏகமனதுக்கு ஒரு வசதி உண்டு. எல்லோரும் ஆமோதிக்கும்போது, யாருக்கு ஆமோதிக்கும் உரிமை இருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை. பொதுச்சபையில் 150 பேர் இருந்தால் என்ன, 300 பேர் இருந்தால் என்ன, கைதட்டல் கொஞ்சம் கூடும் குறையும். போட்டி என்று வந்த அன்றுதான் ஒவ்வொரு பெயருக்கும் பெறுமதி வருகிறது. எழுபத்து நான்கு வருடமாக யாரும் உரசிப் பார்க்காத பட்டியலை முதல் தடவையாக உரசிப் பார்த்தார்கள்.

வாக்கெடுப்பு முடிந்த ஆறாம் நாள், 27ஆம் திகதி, பொதுச் செயலாளர் தெரிவில் பிரச்சினை கிளம்பியது. மறுநாள் நடக்கவிருந்த தேசிய மாநாடு பிற்போடப்பட்டது. புதிய தலைவர் மாநாட்டில் பொறுப்பேற்பதுதான் மரபு. பெப்ரவரியில் மாநாட்டுக்கு வேறு திகதி குறித்தார்கள். அதற்குள் வழக்கு வந்துவிட்டது. பொதுச்சபை கட்சியின் யாப்புப்படி அமைக்கப்படவும் இல்லை, கூட்டப்படவும் இல்லை என்பது வழக்கின் சாரம். திருகோணமலை மாவட்ட நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. மாநாடு நடக்கவில்லை. மாவை சேனாதிராஜாவே தொடர்ந்தார்.

அந்த ஆண்டு இலங்கையில் இரண்டு பெரிய தேர்தல்கள். செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் கட்சி சஜித் பிரேமதாசவை ஆதரிப்பதாக முடிவெடுத்தது. சிறீதரன் தமிழ்ப் பொது வேட்பாளர் பா. அரியநேத்திரன் பக்கம் நின்றார். நவம்பர் 14 பொதுத் தேர்தலில் சிறீதரன் யாழ்ப்பாணத்தில் வென்றார், சுமந்திரன் தோற்றார். டிசம்பரில் கட்சியின் மத்திய குழு சீ.வீ.கே. சிவஞானத்தைப் பதில் தலைவராக நியமித்தது. 2025 ஜனவரி 29 அன்று மாவை காலமானார். அடுத்த மாதம் சுமந்திரன் பதில் பொதுச் செயலாளரானார்.

இதைக் கணக்குப் புத்தகத்தில் எழுதினால் இப்படி வரும்: 2024 ஜனவரியில் வாக்கெண்ணித் தலைவரைத் தெரிவு செய்த கட்சி, 2024 டிசம்பரில் பதில் தலைவர் ஒருவரை நியமித்தது. நடுவில் கழிந்த பதினொரு மாதத்தை எந்தக் கணக்கில் போடுவது?

நான் சிறீதரன் பக்கமும் இல்லை, சுமந்திரன் பக்கமும் இல்லை. எங்கள் அறையில் இரண்டு பக்கமும் ஆட்கள் இருக்கிறார்கள், ஒரே சட்டியில்தான் சாப்பிடுகிறோம். வழக்குப் போட்டவரையும் குறை சொல்லவில்லை. ஓர் உறுப்பினருக்குத் தன் கட்சியின் யாப்பைக் காட்டி நீதிமன்றம் போக உரிமை உண்டு. வாக்கெடுப்புக்கு ஒரு மாதம் முன்னால் கேட்டு முடித்திருக்க வேண்டிய கேள்வியை வாக்கெடுப்புக்குப் பின் நீதிபதி கேட்கவேண்டி வந்ததுதான் என் மனவருத்தம்.

இத்தனைக்கும் இது யாப்பின் அருமை தெரியாத கட்சி அல்ல. கட்சியின் யாப்பு தனிநாட்டைக் கேட்கிறது என்று சொல்லி 2014இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. சமஷ்டி கேட்பது தனிநாடு கேட்பதாகாது என்று 2017 ஓகஸ்ட் 4 அன்று தீர்ப்புக் கிடைத்தது. யாப்பில் உள்ள சொற்களுக்காக உச்ச நீதிமன்றம் வரை போய் வென்ற கட்சி, அதே யாப்பில் உறுப்பினர்களைப் பற்றிச் சொல்லும் பக்கத்தைப் புரட்டிப் பார்க்க மறந்துவிட்டது.

தலைவரை யார் தெரிவு செய்ய வேண்டும்?

உலகத்தில் கட்சிகள் இதற்குப் பல வழி வைத்திருக்கின்றன. மூத்தவர்களின் குழு கூடித் தீர்மானிப்பது ஒன்று. நாடாளுமன்ற உறுப்பினர்கள் மட்டும் வாக்களிப்பது இன்னொன்று. தமிழரசுக் கட்சி போலக் கிளைகளின் பிரதிநிதிகள் கொண்ட பொதுச்சபை வாக்களிப்பது மூன்றாவது. சந்தா கட்டிய எல்லா உறுப்பினர்களும் வாக்களிப்பது நான்காவது. இவற்றைக் கலந்து வைப்பதும் உண்டு.

கலந்து வைப்பதற்கு நல்ல உதாரணம் அயர்லாந்து. எங்கள் கம்பனிக் கணக்கைப் பார்க்க முன்பு ஓர் அயர்லாந்துக்காரர் வருவார். 2017 ஜூனில் அவர் தேநீர் குடித்தபடி எனக்கு ஒரு துண்டுத்தாளில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார். ஃபீன கேல் என்ற கட்சி புதிய தலைவரைத் தெரிவு செய்தது. லியோ வரட்கர், சைமன் கோவ்னி இருவரும் போட்டி. வரட்கரின் தகப்பனார் மும்பையிலிருந்து போன டொக்டர் என்பதால் எங்கள் பக்கத்துப் பத்திரிகைகளிலும் அந்தச் செய்தி வந்தது.

அங்கே வாக்கு மூன்று பெட்டி. நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் ஐரோப்பிய நாடாளுமன்றத்திலும் இருக்கும் கட்சி உறுப்பினர்களின் பெட்டிக்கு 65 வீதப் பெறுமதி. சாதாரண உறுப்பினர்களின் பெட்டிக்கு 25. உள்ளூராட்சி உறுப்பினர்களின் பெட்டிக்கு 10.

முதல் பெட்டியில் இருந்தது 73 பேர். அதில் 51 பேர் வரட்கருக்கு, அதாவது 70 வீதம். சாதாரண உறுப்பினர்களின் பெட்டியில் நேர்மாறு: கோவ்னிக்கு 65 வீதம், வரட்கருக்கு 35தான். உள்ளூராட்சிப் பெட்டியில் வரட்கருக்கு 55. இப்போது பெருக்குங்கள். 65இல் 70 வீதம் 45.5. 25இல் 35 வீதம் கிட்டத்தட்ட 9. 10இல் 55 வீதம் 5.5. கூட்டினால் 60. வரட்கர் வென்றார். தலைகளை மட்டும் எண்ணியிருந்தால் கோவ்னி வென்றிருப்பார்.

"இது அநியாயம் இல்லையா?" என்று கேட்டேன். அவர் கோவ்னிக்கு ஆதரவான குடும்பத்தைச் சேர்ந்தவர். "எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் விதி முதலே தெரியும்" என்றார். அந்தப் பதிலை நான் இன்றுவரை மறக்கவில்லை. தோற்ற கோவ்னி வழக்குப் போடவில்லை, கட்சியை உடைக்கவில்லை. அதே மாதம் கட்சியின் பிரதித் தலைவராகவும் வெளிநாட்டமைச்சராகவும் ஆனார்.

அந்த முறைதான் சிறந்தது என்று நான் சொல்லவரவில்லை. எந்த முறையிலும் ஒருவருக்கு மனக்குறை இருக்கும். ஆனால் ஒவ்வொரு பெட்டியிலும் யார் யார் என்பது முதல் நாளிலேயே தெரிந்திருந்தது. பெட்டியைத் திறந்த பின், "இவர் ஏன் உள்ளே வந்தார்?" என்ற கேள்வி எழவில்லை. தோற்றவர் தோல்வியை ஒத்துக்கொள்ளக்கூடிய தேர்தல்தான் தேர்தல். வென்றவர் எந்தத் தேர்தலையும் ஒத்துக்கொள்வார்.

இராமநாதபுரத்துக்காரர் சொன்ன கதை

எங்கள் அறைக்காரர் சொன்னது அண்ணா தி.மு.க.வின் கதை. எம்.ஜி.ஆர். 1972 ஒக்டோபரில் தொடங்கிய அந்தக் கட்சியின் விதிப்படி பொதுச் செயலாளரைத் தெரிவு செய்ய வேண்டியது அடிப்படை உறுப்பினர்கள். பொதுக்குழு அல்ல. ஜெயலலிதா 2016 டிசம்பர் 5 அன்று இறந்ததும் அந்த மாதக் கடைசியில் பொதுக்குழு கூடி சசிகலாவைத் தற்காலிகப் பொதுச் செயலாளராக்கியது. 2017 செப்டெம்பரில் அதே பொதுக்குழு கூடி அந்த நியமனத்தை இரத்துச் செய்து, பன்னீர்செல்வம், பழனிசாமி இருவருக்கும் இரட்டைத் தலைமை கொடுத்தது. 2022 ஜூலை 11 அன்று பொதுக்குழு மறுபடி கூடிப் பழனிசாமியை இடைக்காலப் பொதுச் செயலாளராக்கியது.

பன்னீர்செல்வம் நீதிமன்றம் போனார். ஓகஸ்டில் தனி நீதிபதி ஒரு மாதிரித் தீர்ப்பளித்தார். செப்டெம்பரில் இரண்டு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. 2023 பெப்ரவரி 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்த அமர்வின் தீர்ப்பை உறுதி செய்தது. மார்ச் 28 அன்று பழனிசாமி பொதுச் செயலாளர் என்று அறிவிக்கப்பட்டது. தொண்டர்கள் தங்கள் தலைவர் யார் என்று நீதிமன்ற வாசலில் நின்று கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டி வந்தது.

தெற்கிலும் இதே கதைதான். 2024 ஏப்ரலில் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் தலைவராகச் செயற்பட மைத்திரிபால சிறிசேனவுக்கு இடைக்காலத் தடை விதித்தது. நாட்டின் ஜனாதிபதியாக இருந்த ஒருவருக்கே அந்த நிலை. ஆகவே இது தமிழனுக்கு மட்டும் உள்ள வியாதி என்று நாங்கள் தலையில் அடித்துக்கொள்ளத் தேவையில்லை.

வளைகுடாவில் இருந்து பார்த்தால்

"கட்சியே இல்லாத நாட்டில் இருந்துகொண்டு கட்சித் தலைவர் தெரிவைப் பற்றி எழுதுகிறாயா?" என்று நீங்கள் கேட்கலாம். அமீரகத்தில் கட்சிகள் இல்லைத்தான். ஆனால் பட்டியலின் பெறுமதியை நான் விளங்கிக்கொண்டது இங்கேதான்.

இந்த நாட்டின் கூட்டாட்சித் தேசியப் பேரவையில் 40 பேர். அதில் பாதிப் பேரை 2006 முதல் வாக்களித்துத் தெரிவு செய்கிறார்கள். எல்லாக் குடிமக்களும் வாக்காளர் அல்ல. ஒவ்வொரு அமீரகமும் தன் வாக்காளர் பட்டியலைத் தருகிறது. 2006இல் அந்தப் பட்டியலில் 6,595 பேர். 2011இல் ஒரு இலட்சத்து 29 ஆயிரம். 2023இல் கிட்டத்தட்ட நான்கு இலட்சம். வேலைக்கு வந்த ஒருவன் அதை விமர்சிக்க வரவில்லை. ஒன்றை மட்டும் கவனித்தேன்: இங்கே தேர்தலின் வளர்ச்சியை அளக்கிற எண்ணே பட்டியலின் நீளம்தான். பட்டியல் முதலில் வெளிவருகிறது. தன் பெயர் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பிறகுதான் வேட்பாளர், பிறகுதான் வாக்கு.

பஹ்ரைனில் கட்சிக்குப் பதிலாக அரசியல் சங்கங்களுக்குச் சட்டம் இடம் கொடுத்தது. அவற்றில் பெரியது அல் விஃபாக். 2014 ஜூலையில் அந்நாட்டு நீதி அமைச்சு அதன்மீது வழக்குத் தொடர்ந்தது. சங்கத்தின் பொதுக்கூட்டங்களில் போதிய உறுப்பினர் தொகை இல்லை, வெளிப்படைத்தன்மை இல்லை என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. ஒக்டோபரில் நீதிமன்றம் சங்கத்தை மூன்று மாதம் இடைநிறுத்தியது. டிசம்பர் 28 அன்று அதன் செயலாளர் நாயகம் அலி சல்மான் கைதானார். 2016 ஜூலையில் சங்கமே கலைக்கப்பட்டது. இது எதிர்க்குரலை அடக்கும் வேலை என்று மனித உரிமை அமைப்புகள் சொல்லின. அரசியல் காரணம் எதுவாக இருந்தாலும், முதல் கதவைத் திறக்கப் பயன்பட்ட சாவி கூட்டத்துக்கு வந்தவர்களின் எண்ணிக்கை. பலம் குறைந்த பக்கத்தில் நிற்கிறவன் தன் கடதாசிகளை மற்றவனைவிடத் துப்புரவாக வைத்திருக்க வேண்டும். எங்களுக்கு அது இன்னும் பொருந்தும்.

பட்டியலில் இல்லாதவன்

நான் 1990இல் மன்னாரிலிருந்து படகில் இராமேஸ்வரம் போனவன். மண்டபத்தில் பதிவு, பிறகு திருச்சிப் பக்கம் ஒரு முகாம். அங்கிருந்துதான் பி.கொம். படித்தேன். ஊரில் நாங்கள் ஐந்தொகை என்று சொல்வதை அங்கே இருப்புநிலைக் குறிப்பு என்று படித்தேன். பெயர்தான் வேறு, இரண்டு பக்கமும் சமப்பட வேண்டும் என்பதில் மாற்றமில்லை. 2002இல் சமாதானம் என்றபோது ஊர் திரும்பி, பாஸ்போர்ட் எடுத்து, 2005இல் இங்கே வந்தேன். இந்த நாடு 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. இங்கே அகதி என்று ஒருவரும் இல்லை, விசா உள்ளவர், இல்லாதவர் என்று இரண்டே பேர்தான்.

முகாமில் ஒரு தடவை முகாம் தலைவரைத் தெரிவு செய்தோம். பகல் பதினொரு மணி. இருந்தவர்களைக் கூட்டி, இரண்டு பெயர் சொல்லிக் கையை உயர்த்தச் சொன்னார்கள். ஒழுங்காகத்தான் எண்ணினார்கள். ஆனால் இளைஞர்களில் பாதிப் பேர் அந்த நேரம் பெயின்ற் வேலைக்கு வெளியே போயிருந்தார்கள். பின்னேரம் அவர்கள் வந்து, "எங்களைக் கேக்காமல் எப்படி?" என்றபோது ஒருவரிடமும் பதில் இல்லை. தெரிவான மனிதர் நல்ல மனிதர். ஆனால் அவர் தலைவராக இருந்த காலம் முழுக்க முகாமில் பாதிப் பேர் அவருடைய கூட்டத்துக்கு வரவில்லை. தண்ணீர்க் குழாய்க்கு ஒரு சண்டை, அரிசி கொடுக்கும் நாளில் ஒரு சண்டை. கடைசியில் அந்த மனிதரே, "எனக்கு இது வேண்டாம்" என்று விட்டுவிட்டுப் போனார். அன்று மாலை ஆறு மணி வரை பொறுத்திருந்தால் போதும். அந்த ஏழு மணித்தியாலம் எங்களுக்கு இரண்டு வருடச் செலவு.

அந்த அனுபவம் உள்ள நான்தான் 184, 137 என்று கேட்டவுடன் "முடிஞ்சுது" என்றேன்.

செய்யக்கூடியது என்ன?

பெரிய ஞானம் ஒன்றும் தேவையில்லை. ஒரு கூட்டுறவுச் சங்கம் செய்கிற வேலைதான்.

முதலாவது, ஒரு திகதி. "இந்த நாளில் யார் உறுப்பினரோ அவருக்கே வாக்கு" என்று வாக்கெடுப்புக்கு மூன்று மாதம் முன்பே அறிவிக்க வேண்டும். அதற்குப் பிறகு சேர்கிறவர் அடுத்த முறை வாக்களிக்கட்டும்.

இரண்டாவது, பட்டியலை வெளியிடுவது. எந்தக் கிளையிலிருந்து யார், யாப்பின் எந்தப் பிரிவின்படி வருகிறார் என்பது ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இருக்க வேண்டும்.

மூன்றாவது, ஆட்சேபத்துக்கு இரண்டு கிழமை. பிழை என்று நினைப்பவர் அந்த இரண்டு கிழமைக்குள் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு முடிவு சொல்லப் போட்டியில் இல்லாத இரண்டு மூன்று பேர் வேண்டும். ஓய்வுபெற்ற நீதிபதிகளும் அதிபர்களும் எங்கள் ஊரில் இல்லாமலா போனார்கள்?

நான்காவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வாக்கெடுப்புக்கு முதல்நாள் எல்லா வேட்பாளர்களும் அந்தப் பட்டியலின் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட வேண்டும். வெல்லப்போவது யார் என்று தெரியாத நேரத்தில் போடுகிற கையெழுத்துக்குத்தான் பெறுமதி. வென்றபின், தோற்றபின் போடுகிற கையெழுத்து வேறு கணக்கு.

இதற்குக் காசு தேவையில்லை. பொறுமை தேவை. "நம்மட ஆட்கள்தானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற வாயை மூடவும் தெரிய வேண்டும்.

ஏன் இது எங்கள் பாடு

தமிழ்த் தேசியக் கூட்டமைப்பாக, வீட்டுச் சின்னத்தில், 2004இல் 22 ஆசனம். 2010இல் 14, 2015இல் 16, 2020இல் 10. 2024இல் தமிழரசுக் கட்சி தனியாக நின்று பெற்றது 8. யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்று தேசிய மக்கள் சக்திக்குப் போயின, தமிழரசுக்கு ஒன்று. இதற்குக் காரணம் தலைவர் தெரிவு வழக்கு மட்டும்தான் என்று நான் சொல்ல மாட்டேன். கூட்டமைப்பு உடைந்தது, தெற்கில் வீசிய அலை, விலைவாசி, வேலையில்லாமை எல்லாம் சேர்ந்துதான். ஆனால் தன் வீட்டுக்குத் தலைவன் யார் என்று பதினொரு மாதம் சொல்ல முடியாதவரிடம் ஊருக்கு அதிகாரப் பகிர்வு வாங்கித் தருவீர்களா என்று ஓர் இளைஞன் கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் இல்லையா?

எங்களுக்கும் இதில் பங்கு உண்டு. 2024இல் வெளிநாட்டில் வேலை செய்யும் இலங்கையர் அனுப்பிய பணம் 650 கோடி டொலருக்கு மேல். ஆனால் வெளிநாட்டில் இருந்துகொண்டு வாக்களிக்க இலங்கையில் வழியில்லை. வாக்கில்லாத எங்களிடம் இருப்பது வாய் மட்டும். அந்த வாயால் வட்ஸ்அப்பில் ஒருவரையொருவர் துரோகி என்று திட்டுவதைக் குறைத்து, "பட்டியலை எப்போது வெளியிடுவீர்கள்?" என்று இரண்டு பக்கத்தையும் கேட்டால் ஏதாவது பயன் வரும். யார் வரவேண்டும் என்பதில் நாங்கள் ஒத்துப்போக மாட்டோம். எப்படி வரவேண்டும் என்பதில் ஒத்துப்போகலாம்.

சொல்கிறவன் செய்தும் காட்ட வேண்டும். எங்கள் ஊர் வாசிகசாலைக்குப் போன வருடம் புதிய தலைவர் தெரிவு. நிர்வாகம் ஊரில். இங்கே அனுமதியில்லாமல் பணம் சேர்க்கச் சட்டம் விடாது, ஆகவே நாங்கள் ஒவ்வொருவரும் எங்கள் வீட்டுக்கு அனுப்பி, வீட்டுக்காரர் சந்தா கட்டுவார்கள். வழக்கமாக மூன்று பெரியவர்கள் கூடி ஒரு பெயரைச் சொல்வார்கள். இந்தமுறை நான் தொலைபேசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: "தலைவர் ஆராகவும் இருக்கட்டும். உறுப்பினர் பட்டியலை முதல் சுவரில ஒட்டுங்கோ."

ஒட்டினார்கள். 112 பெயர். அதில் நான்கு பேர் செத்துப்போனவர்கள். ஒன்பது பேர் கனடாவிலும் லண்டனிலும் இருந்து பத்து வருடமாகச் சந்தா கட்டாதவர்கள். ஒழுங்காகக் கட்டிவரும் ஆறு பெண்களின் பெயர் இல்லை, அவர்களுடைய புருஷன்மாரின் பெயர் இருந்தது. இரண்டு கிழமை சத்தம். பிறகு பட்டியல் திருந்தியது. தெரிவு நடந்தது. நான் நினைத்த ஆள் தோற்றார். வென்றவருக்குத் தோற்றவர்தான் சாவிக்கொத்தைக் கையில் கொடுத்தார்.

இதை அறையில் சொன்னபோது இராமநாதபுரத்துக்காரர் சிரித்தார். மட்டக்களப்புத் தம்பி சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அண்ணன், எங்க ஊர்ச் சங்கத்துப் பட்டியல்ல என்ட பேர் இருக்கா எண்டு எனக்கே தெரியாது" என்றார். பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வீட்டுக்குத்தான் எடுத்தார் என்று நினைக்கிறேன்.